தினமும் குளித்த கிடா

மூன்றாவது குடம் தண்ணீரையும் ஊற்றியாயிற்று. கிடா அசையவில்லை.

கழுத்தில் செவ்வந்தி மாலை. நெற்றியில் சந்தனம். முதுகிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் எழுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அதுவோ கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முடிவெட்டும் கடையில் சாய்ந்து உட்கார்ந்த பெரிய மனிதரைப் போல நிற்கிறது. போதாக்குறைக்கு, இடப்பக்கம் நனைந்தது போதும் என்று மெதுவாகத் திரும்பி வலப்பக்கத்தைக் காட்டியது.

"என்னண்ணே இது, சோப்பு போடுவாகன்னு நிக்கிது?" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மையிலேயே சோப்புக்குத்தான் காத்துக்கொண்டிருந்தது.

காலியாகப்போகும் கேஸ் சிலிண்டரைச் சாய்த்தும் உருட்டியும் நான்கு நாள் ஓட்டிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவியின் தம்பி தவமணி போன் செய்தான். "மாமா, சிலிண்டர் கதையெல்லாம் எழுதுறீக, கிடா கதைய மட்டும் அமுக்கிட்டீகளே?" என்றான். அமுக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

உத்தரவு

எங்கள் குலதெய்வம் கருப்பசாமி. மேலூரைத் தாண்டி, ஒரு கண்மாய்க்கரையில் கோவில். கூரை கிடையாது. அரிவாள்கள், மணிகள், ஒரு பெரிய புளியமரம்.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவைக் கொண்டுபோன உடனே வெட்டிவிட முடியாது. தலையிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பொருள். பெண்கள் குலவை போடுவார்கள், அரிவாள் இறங்கும். சிலுப்பாவிட்டால் சாமி ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆட்டுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு சொம்பு விழுந்தாலே உதறும். அதனால் எங்கள் கோவிலில் உத்தரவு கிடைக்காமல் நின்றவர் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பெருமை எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்

என் மகன் கார்த்தி பைக்கில் ரிங் ரோட்டில் போகும்போது ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டது. தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. எழுந்து நடப்பான், ஆனால் எப்படி நடப்பான் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி பாண்டியம்மாள் எழுந்துபோய், யாரிடமோ ஒரு துண்டு மஞ்சள் துணி வாங்கி வந்தாள். என் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அதில் முடிந்தாள்.

"கருப்பா, எம்பிள்ளை தன் கால்ல நடந்து வீட்டுக்கு வரட்டும். கருங்கிடா வெட்டிப் பொங்க வைக்கிறேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நேர்ந்துகொள்ளும் இலாகா வேறு, செலவு செய்யும் இலாகா வேறு.

கார்த்தி நடந்தான். களைத்துப்போனால் இடது காலை லேசாக இழுப்பான், மற்றபடி குறையில்லை. வேலைக்குப் போனான். கல்யாணமும் ஆயிற்று, பெண் குழந்தையும் பிறந்தது. அந்த மஞ்சள் முடிச்சு மட்டும் சாமிபடத்து ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று நான் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதற்குக் காரணங்கள் இருந்தன.

கார்த்திக்குக் காய்ச்சல் வந்தால் பாண்டியம்மாள் முடிச்சைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். மாடிப்படியில் அவன் கால் வழுக்கினால் முடிச்சைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

"சாமிகிட்டக் கடன் சொன்னா, குடுத்ததைத் திரும்பக் கேப்பாருங்க," என்பாள். அவளுக்கு அது வெறும் பேச்சில்லை. மகன் வேலைவிட்டு வரக் கொஞ்சம் நேரமானாலும் வாசலில் போய் நிற்பாள். வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

வரவும் செலவும்

எங்கள் வீடு செல்லூரில். கீழே நாங்கள், மாடியில் ஒரு குடித்தனம், அதற்கு மேலே மொட்டைமாடி. நான் நூற்பாலையில் பண்டக அறையைப் பார்த்துக்கொண்டவன். நூல் கூம்புகளையும் பெல்ட்டுகளையும் பல்புகளையும் எண்ணியே தலை நரைத்தது. ஆலை கொடுத்த ஓய்வூதியம் பாலுக்கும் சிலிண்டருக்கும் சரியாக இருக்கும். கார்த்தி செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான். மருமகள் சுகன்யா ஜவுளிக்கடையில் நிற்கிறாள். இவற்றோடு மாடி வாடகை. இவ்வளவுதான் வரவு.

செலவைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. பேத்தியின் பள்ளிக்கூடம். கரண்டு யூனிட் ஐந்நூறைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முன்னால் ஓடியதற்கும் சேர்த்து விலை ஏறும். அதனால் வீட்டில் மின்விசிறி எங்கே சும்மா சுற்றினாலும் எனக்குத் தூக்கத்தில் தெரிந்துவிடும். குளியல் சோப்பை நூலால் இரண்டாக அறுத்துத்தான் கொடுப்பேன். முழுச் சோப்பு தண்ணீரில் கிடந்து பாதி கரைந்துபோகிறது, யாருக்கு லாபம்?

இவை கூடப் பரவாயில்லை. முகூர்த்த மாதம் வந்தால் செய்முறை, அதாவது மொய்ச் செலவு, வந்துவிடும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கல்யாணம். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கோடு நீட்டும்போது சிரித்துக்கொண்டேதான் வாங்குகிறேன். என் கண்ணுக்கு அது ஓட்டலில் சோம்போடு வரும் பில் மாதிரித்தான் தெரிகிறது.

இந்த லட்சணத்தில் கருங்கிடா. அதிலும் ஒரு வெள்ளை முடி இருக்கக் கூடாது, காதில் கிழிசல் கூடாது. ஆட்டு வியாபாரிகள் இதில் கெட்டிக்காரர்கள். "முழுக் கருப்பா வேணுமா? மறு இல்லாமயா?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். நேர்த்திக்கடன் என்று தெரிந்தால் போதும், விலை அங்கேயே எகிறும். சாமி காரியத்துக்குப் பேரம் பேசலாமா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அதற்குத்தான் நான் யோசனை செய்தேன். திருமங்கலம் சந்தையில் பால்குடி மறந்த கருங்குட்டி ஒன்றை வாங்குவது. மொட்டைமாடியில் வளர்ப்பது. ஒரு வருஷத்தில் அதுவே கிடா. பாதிக்குப் பாதி மிச்சம்.

"குட்டிய வாங்கி வளக்குறதெல்லாம் வேணாம். சாமிக்குக் கொடுக்கிறதுல என்ன சிக்கனம்?" என்றாள் பாண்டியம்மாள்.

"சாமிக்கு முழுக் கிடாதானே போகுது? மிச்சம் நமக்குத்தானே?" என்றேன். இப்போதும் அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மொட்டைமாடி

வாங்கி வந்த அன்றைக்கே பாண்டியம்மாள் ஒரு சட்டம் போட்டாள். நேர்ந்துவிட்டதற்குப் பெயர் வைக்கக் கூடாது. சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். நான் "ஏய்" என்று கூப்பிடுவேன். அதுவும் ஏய் என்றால் வரும்.

காய்கறிச் சந்தையில் கழிக்கிற முட்டைக்கோஸ் இலையை இனாமாக அள்ளி வரலாம் என்பது என் திட்டம். ஒரு மாதம் தின்றது. அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அகத்திக்கீரைதான் வேண்டுமாம். ஒரு கட்டு விலை என்ன தெரியுமா? மனிதன் அமாவாசைக்கு அமாவாசை தின்கிற கீரையை அது தினமும் கேட்டது.

மாடியில் குடியிருந்தவர் ஒரு டீச்சரம்மா. வாடகையை மாதப் பிறப்பில் கையில் கொடுத்துவிடும் நல்ல மனுஷி. கிடா வளர வளர அதன் வாடையும் வளர்ந்தது. ஒருநாள் டீச்சரம்மா துப்பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். பாதித் துப்பட்டாதான் இருந்தது.

"சார், தின்னது கூடப் போகட்டும். காயப்போட்ட துணியெல்லாம் கிடா வாடை அடிக்குது. கிளாஸ்ல பிள்ளைங்க மூக்கைப் பொத்துதுங்க. இந்த மாசத்தோட காலி பண்ணிக்கிறேன், அட்வான்ஸை எடுத்து வைங்க."

அட்வான்ஸை எங்கே எடுத்து வைப்பது? அது பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு வருஷமாகிறது.

மறுநாள் காலையிலிருந்து கிடாவைக் குளிப்பாட்டத் தொடங்கினேன்.

முதல் வாரம் அது என்னைச் சுவரோடு சேர்த்து முட்டியது. முழங்காலில் தோல் போயிற்று. தலையில் தண்ணீர் பட்டால் சிலுப்பிச் சிலுப்பி என்னையும் சேர்த்துக் குளிப்பாட்டியது. பிறகு கொஞ்சம் அடங்கியது. பிறகு நின்றது. மாதம் இரண்டு ஆவதற்குள், காலையில் நான் படியேறும் சத்தம் கேட்டாலே குழாயடியில் போய் நிற்கும். கொம்பு முளைக்கிற இடத்தில் தேய்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும். காதுக்குள் தண்ணீர் விட்டாலும் பேசாமல் இருக்கும். கடைசியில் துண்டால் துவட்டிவிட வேண்டும். துவட்டாமல் இறங்கினால் பின்னாலேயே வந்து கத்தும்.

டீச்சரம்மா காலி செய்யவில்லை. எனக்கு வேறு என்ன வேண்டும்?

பாண்டியம்மாள் மட்டும் ஒருநாள் மேலே வந்தவள் சோப்பைப் பார்த்துவிட்டாள்.

"கல்யாணம் ஆகி இம்புட்டு வருசத்துல எனக்கு ஒரு முழுச் சோப்பு குடுத்திருக்கீகளா? கிடாவுக்கு முழுசா?"

"அதுக்கு உடம்பெல்லாம் முடி. அரைச் சோப்பு எந்த மூலைக்கு?"

"இருக்கட்டும், இருக்கட்டும். சாமி கிடா சுத்தமா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவளே ஒரு சொம்பு மொண்டு அதன் கழுத்தில் ஊற்றினாள்.

தினமும் தண்ணீர் பட்டால் கிடாவுக்குச் சிலுப்பு மறந்துபோகும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆடு வளர்த்துப் பழகிய எவனும் ஆட்டைக் குளிப்பாட்ட மாட்டான். குளிப்பாட்டினால் வாடகை நிற்கும் என்று கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான்.

புளியமரத்தடி

கோவிலுக்கு நாற்பது பேரை அழைப்பது என்று எழுதி வைத்திருந்தேன். தவமணி போனில் ஒரு குரூப்பில் போட்டுவிட்டான். "சொல்லாம விட்டா கோவிச்சுக்கிருவாக மாமா." எழுபது பேர் வந்தார்கள். நாற்பது பேருக்கான கிடாவை எழுபதாக வகுப்பது எப்படி என்ற கவலையில் நான் இருந்தபோதுதான், மூன்று குடத்துக்கும் அசையாமல் நின்றது அது.

"காதுல ஊத்திப் பாருங்கப்பா," என்றார் ஒருவர். ஊற்றினார்கள். காதை நன்றாக விரித்துக் கொடுத்தது.

பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். "மூணு குடம் ஊத்தியாச்சு. இனி நம்ம கையில இல்ல. உத்தரவு இல்லாம நான் அருவாளைத் தொட மாட்டேன்."

"பூசாரி, அது தினமும் குளிக்கிற கிடா. பழகிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல," என்றேன்.

"குளிக்கிறதுக்கும் உத்தரவுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

கூட்டத்தில் மறுபடியும் சிரிப்பு. தவமணி இத்தனையையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. அவள் முகம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது போல ஆகிவிட்டது. கார்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன், "அம்மா, நான் நடக்குறேன்ல, விடும்மா," என்றான்.

"நீ சும்மா இருடா. இம்புட்டு நாளு கடன் சொல்லிட்டு, சிக்கனமா ஒரு குட்டிய வாங்கி வளத்துக் கொண்டாந்தா, சாமிக்குத் தெரியாதா?" என்றாள் அவனிடம். சொன்னது எனக்கு.

அதற்குள் சமையல்காரர் வந்தார். "மசாலா அரைச்சாச்சு, ஒல ஏத்தியாச்சு. கறி எப்ப வரும்?"

பூசாரி ஒரு வழி சொன்னார். உத்தரவு இல்லாத கிடாவை உயிரோடு சாமி பேரில் விட்டுவிடலாம். கோவில் கிடாவாக இங்கேயே திரியும். வந்தவர்களுக்குக் கடையில் கறி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எங்கே எடுப்பது, எத்தனை கிலோ, யார் போவது என்று பேச எல்லோரும் புளியமரத்தடிக்குப் போனார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடாவோடு நின்றேன்.

மட்டன் கிலோ ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற காலம். நான் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். கிடாவோ என்னைப் பார்த்து மெல்லக் கத்தியது. துண்டு கேட்கிறது.

"உனக்குத் துண்டு ஒண்ணுதான் குறைச்சல்," என்றேன்.

அப்போது கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஈரத்தோடு நின்ற உடம்பு. கிடா காலை அகட்டிக்கொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது. நிறுத்தி, இன்னொரு முறையும் சிலுப்பியது. மாலை அறுந்து விழுந்தது. என் வேட்டி பூராவும் மஞ்சள் தண்ணீர்.

"சிலுப்பிருச்சு! ஏய், எல்லாரும் வாங்க, சிலுப்பிருச்சு!" என்று கத்தினேன்.

ஓடி வந்தார்கள். கிடா பழையபடி சாந்தமாக நின்றது.

"யாரு பார்த்தது?" என்றார் பூசாரி.

"நான் பார்த்தேன்."

பூசாரி தவமணியைப் பார்த்தார். தவமணி என்னைப் பார்த்தான். "மாமா, நான் இப்பத்தான் போனைப் பையில போட்டேன்." பிறகு குரலைத் தணித்து, "கறிக்காசு என்ன பெருசு மாமா? நான் பாதி போடுறேன். சாமி காரியத்துல இப்படியெல்லாம் சொல்லாதீக," என்றான்.

"டேய், நான் பொய்யாடா சொல்றேன்? வேட்டியப் பாரு!"

"ஊத்துன தண்ணிதான பட்டிருக்கும்," என்றது ஒரு குரல்.

என் ஆயுளில் நான் ஒரு பைசா பொய்க்கணக்கு எழுதியதில்லை. சிக்கனக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக, எழுபது பேரில் ஒருவர்கூட என்னை நம்பவில்லை. இனாம் சோறு தின்ன வந்தவர்கள்!

பாண்டியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"எத்தன தடவ?"

"ரெண்டு. முதல்ல பெரிசா. அடுத்தது கொஞ்சம் சின்னதா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். என்னிடம் எண்ணிக்கை கேட்டால் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக அதற்காகத்தான் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏத்துக்கிட்டாரு. எனக்கு அது போதும்."

"அப்ப பூசாரிகிட்டச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு," என்றேன் அவசரமாக. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அவள் கை கிடாவின் கொம்படியில் தேய்த்துக்கொண்டிருந்தது. அது கண்ணை மூடிக்கொண்டது.

"வேணாங்க. அவுக யாரும் பாக்கலேல்ல. பாக்காதத நம்புங்கன்னு நான் எப்படிச் சொல்ல? உசுரோடவே சாமிக்கு விட்டுருவோம்." பிறகு என் தோளிலிருந்த துண்டை உருவி, அதன் முதுகைத் துவட்ட ஆரம்பித்தாள். "மசமசன்னு நிக்காம மேலூர் போயி கறி எடுத்துட்டு வாங்க. எலும்பு கம்மியாப் பாத்து."

"உத்தரவும் கிடைச்சிருச்சு, கறியும் நான் வாங்கணுமா? இது என்ன கணக்கு?"

"போயிட்டு வாங்க," என்றாள் மெதுவாக. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவள் என்னை எங்கும் அனுப்பியதில்லை. சண்டை போடவும் வழியில்லை.

தவமணியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவன் வழி நெடுகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். பாதி போடுகிறேன் என்று சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மேலூர்க் கறிக்கடைக்காரர் என் வேட்டியையும் நெற்றிச் சந்தனத்தையும் பார்த்தார். "எம்புட்டுய்யா?" என்றார்.

"பதினஞ்சு கிலோ."

"விசேசமா?"

"ஆமா. கிடாவெட்டு."

அவர் கத்தியை அப்படியே நிறுத்தினார். "கிடாவெட்டுக்குக் கறி வாங்க வந்த ஆள இப்பத்தான்யா பாக்குறேன்."

"பேசாமப் போடுங்க. எழுபது பேரு பசியோட உக்காந்திருக்காக," என்றேன்.

போட்டார். தராசைப் பார்த்தேன். ஐம்பது கிராம் குறைந்தது. கேட்டு வாங்கினேன்.